தேரும் டாங்கியும்: ஒப்பீடு எங்கே பொருந்துகிறது, எங்கே உடைகிறது

பண்டைப் போர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் "தேர்தான் அந்தக் காலத்து டாங்கி" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். வேகமாகப் போகும், மேலே ஆயுதம் இருக்கும், செலவு அதிகம், எதிரி மிரளுவான். ஆகவே இரண்டும் ஒன்று என்பது கணக்கு. இதில் பாதி சரி. ஆனால் புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் தவறான பாதியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். டாங்கி என்றால் கவசம், எனவே தேரும் ஏதோ கவச வண்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். போர்த்தேருக்குக் கவசம் என்று சொல்லத்தக்க ஒன்று பெரும்பாலும் கிடையாது. ஓட்டுபவன் வேறு, அடிப்பவன் வேறு என்று வேலையைப் பிரித்து, இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றியதில்தான் இரண்டும் உறவாகின்றன. அங்கிருந்து பார்த்தால் தேர் ஏன் ஜெயித்தது, ஏன் ஒழிந்தது, டாங்கிகள் சில போர்களில் ஏன் கூட்டம் கூட்டமாக எரிந்தன என்பதெல்லாம் புரியத் தொடங்கும்.

தேர் என்பது எவ்வளவு லேசான பொருள்

மெசபடோமியாவில், கி.மு. 2500 வாக்கில், போர்வண்டிகள் இருந்தன. பலகைகளை இணைத்துச் செய்த கெட்டியான நான்கு சக்கரங்கள், இழுப்பதற்குக் கழுதை இன விலங்குகள். அவை மெதுவானவை, திரும்புவதற்கே சிரமப்பட்டிருக்கும். உண்மையான போர்த்தேருக்கு இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன: ஆரக்கால் வைத்த சக்கரமும் பழக்கிய குதிரையும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் மிகப் பழைய தடயங்கள் தெற்கு யூரல் மலைப் பகுதியின் சின்டாஷ்டா பண்பாட்டுக் கல்லறைகளில் இருக்கின்றன. காலம் கி.மு. 2000 வாக்கு. அடுத்த சில நூற்றாண்டுகளில் தேர் மேற்காசியா, எகிப்து, இந்தியா, சீனா என்று பரவியது.

எகிப்திய அரசன் துட்டன்காமூனின் கல்லறையில் ஆறு தேர்கள் கிடைத்தன. போர்த்தேர் எப்படிச் செய்யப்பட்டது என்று அறிய இவற்றை விட நல்ல சான்று இல்லை. சட்டம் முழுவதும் வளைத்த மரம். நிற்கும் தளம் பலகை இல்லை; தோல் வார்களைக் கட்டில் போலப் பின்னியிருக்கிறார்கள். வண்டி குலுங்கும்போது அந்தப் பின்னல் அதிர்வை வாங்கிக்கொள்ளும், அம்பு விடுபவனின் கை ஓரளவு நிலையாக இருக்கும். அச்சு வண்டியின் நடுவில் இல்லாமல் பின்பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. இதனால் வேகமாகத் திரும்பும்போது தேர் எளிதில் கவிழாது. இப்படிப்பட்ட எகிப்தியத் தேரின் எடை சுமார் 30 முதல் 35 கிலோ. அவிழ்த்துப் போட்டால் இரண்டு பேர் சுலபமாகத் தூக்கிச் செல்லலாம். அதற்கான மரங்களில் சில எகிப்தில் வளராதவை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள்.

தேரில் இருவர் நிற்பார்கள், சாரதியும் வில்லாளியும். கேடயம் கையில் இருக்கும், செதில் கவசம் உடம்பில் இருக்கும், வண்டிக்கு எதுவும் இல்லை. முன்னால் ஓடும் இரண்டு குதிரைகள்தான் எதிரிக்குக் கிடைக்கும் பெரிய இலக்கு. ஒரு குதிரைக்கு அம்பு பட்டாலே தேர் நின்றுபோகும். இந்த ஒரு விஷயத்தில் டாங்கி வெகு நெருக்கமாக வருகிறது. டாங்கியின் முன்பக்கக் கவசத்தைத் துளைக்க முடியாதவன் அதன் சங்கிலிப் பட்டையை அறுத்தால் போதும். உள்ளே எல்லோரும் உயிரோடு இருப்பார்கள், பீரங்கியும் வேலை செய்யும், ஆனால் வண்டி நகராது.

நேராகப் போய் மோதுவதும் தேரின் வேலை இல்லை. ஈட்டிகளை நீட்டிக்கொண்டு கலையாமல் நிற்கும் காலாட்படைச் சுவரில் குதிரை தானாகப் போய் விழாது. ஓடி வருவது, அம்பு மழை பொழிவது, திரும்பிப் போவது, மறுபடியும் வருவது. எதிரியின் வரிசை கலைந்து ஓடத் தொடங்கியதும் துரத்திக் கொல்வது. பெரும்பாலும் இதுதான் முறை. டாங்கி பிறந்த காரணம் இதற்கு நேர் எதிரானது. 1916-ல் முள்கம்பி வேலியையும் பதுங்குகுழியையும் இயந்திரத் துப்பாக்கிகளையும் மீறிக் காலாட்படையால் ஓரடி கூட முன்னேற முடியவில்லை. அந்த வரிசையின் மேலேயே ஏறிப் போவதற்குத்தான் பிரிட்டன் டாங்கியைச் செய்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி சோம் போர்முனையில் அவை முதன்முதலாக இறங்கின. எடை சுமார் 28 டன், வேகம் மனிதன் நடக்கும் வேகம். வேகத்தை நம்பிய தேரும் கவசத்தை நம்பிய டாங்கியும் இந்த இடத்தில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை.

எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை

ஓடும் குதிரைகளை இரு கைகளாலும் கடிவாளம் பிடித்து நடத்துபவன் வில்லை எடுக்க முடியாது. தேரின் கண்டுபிடிப்பே இதற்கான தீர்வுதான். அர்ஜுனனுக்குக் கண்ணன் சாரதி என்ற ஏற்பாட்டின் போர்ப் பொருளும் இதுவே. வில்லாளியின் கண் எதிரி மீது இருக்கும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பதைச் சாரதி பார்த்துக்கொள்வான். அதே மகாபாரதத்தில் கர்ணனுக்கு வாய்த்த சாரதி சல்லியன். அவன் வழிநெடுக எதிரியைப் புகழ்ந்து, தன் வில்லாளியின் மனதைக் குலைத்துக்கொண்டே வந்தான். குழு ஒன்றாக இல்லாத வண்டி எப்படி இருக்கும் என்பதற்கு இதை விடக் கூர்மையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

முதல் டாங்கிகளில் எட்டுப் பேர் இருந்தார்கள். அதில் நான்கு பேர் வண்டியைத் திருப்புவதற்கே தேவைப்பட்டார்கள். உள்ளே என்ஜின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. தட்டிச் சத்தம் எழுப்பியும் கையைக் காட்டியும்தான் கியர் மாற்றுபவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது.

இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1940 மே மாதம் பிரான்சில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் ஷார் பி1 பிஸ் டாங்கிக்கு 60 மில்லிமீட்டர் வரை கவசம். ஜெர்மானியரின் பான்சர் 3 டாங்கிக்கு அதில் பாதிதான். மே 16-ம் தேதி ஸ்டோன் என்ற ஊரில் ஒரே ஒரு பி1 பிஸ் தெருவில் இறங்கி, 13 ஜெர்மன் டாங்கிகளை அழித்தது. தன்மேல் 140 குண்டுகள் பட்டும் ஒன்றுகூடத் துளைக்காமல் திரும்பியது. காகிதத்தில் பார்த்தால் பிரான்ஸ் ஜெயித்திருக்க வேண்டும். டாங்கிகளின் எண்ணிக்கையிலும் அது பின்தங்கியிருக்கவில்லை.

அந்த டாங்கியின் உள்ளே போய்ப் பார்த்தால் வேறு கதை. சுழலும் மேல்கூட்டில் ஒரே ஆள், அவரே கமாண்டர். எதிரி எங்கே என்று தேடுவது, குண்டை எடுத்துத் திணிப்பது, குறி பார்ப்பது, சுடுவது, மற்ற டாங்கிகள் எங்கே நிற்கின்றன என்று கவனிப்பது எல்லாம் அவர் ஒருவர் தலையில். கீழே டிரைவருக்கும் இரட்டை வேலை. வண்டியின் உடலில் பொருத்திய 75 மில்லிமீட்டர் பீரங்கியை அவர்தான் குறி பார்த்துச் சுட வேண்டும். சாரதி கையிலேயே வில்லையும் கொடுத்தது போன்ற ஏற்பாடு.

பான்சர் 3-ல் ஐந்து பேர். மேல்கூட்டில் மூவர்: கன்னர் சுடுவார், லோடர் குண்டு திணிப்பார், கமாண்டருக்கு இரண்டு வேலையும் கிடையாது. அவர் சுற்றிலும் பார்ப்பார், முடிவெடுப்பார். கீழே ஒரு டிரைவர், ஒரு வயர்லெஸ் இயக்குபவர். ஜெர்மன் டாங்கிப் படையை உருவாக்கியவர்களில் முக்கியமான குடேரியன் முன்பு தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆகவே ஜெர்மன் டாங்கிகளில் ரேடியோ பரவலாக இருந்தது. பிரெஞ்சு டாங்கிகள் பலவற்றில் அது இல்லை. பான்சர் 3 எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் இந்த அமைப்பே பிறகு உலகம் முழுவதும் நிலைத்தது. இன்றைய டாங்கிகளில் கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர் என்று நால்வர் இருப்பார்கள். குண்டை இயந்திரமே திணிக்கும் டி-72, டி-90 போன்றவற்றில் மூவர்.

எகிப்தியத் தேரில் இருவர் என்றேன். இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளின் தேரில் மூவர்: சாரதி, கேடயம் பிடிப்பவன், போராளி. இன்றைய வடக்கு இராக்கை மையமாகக் கொண்ட அசீரியப் பேரரசின் பிற்காலத் தேர்களில் நான்கு பேர், நான்கு குதிரைகள். தேரில் ஆள் கூடிக்கொண்டே போனது, டாங்கியில் குறைந்துகொண்டே வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தேர் அழிந்த கதைக்கு வரும்போது தேவைப்படும்.

துணை இல்லாமல் போன இரண்டு படைகள்

கி.மு. 1274-ல் இன்றைய சிரியாவில் ஒரான்டஸ் ஆற்றங்கரையில் காதேஷ் போர் நடந்தது. எகிப்தின் இரண்டாம் ராம்சேஸ் ஒரு பக்கம், ஹிட்டைட் அரசன் முவாட்டல்லி மறுபக்கம். தேர்ப்போர்களில் நமக்கு மிக விரிவாகத் தெரிந்தவற்றில் இது ஒன்று. விவரங்களில் பெரும்பகுதி எகிப்தியர் செதுக்கிவைத்தவை என்பதால் ராம்சேஸின் வீரப் பேச்சைச் சற்றுத் தள்ளிவைத்துத்தான் படிக்க வேண்டும்.

ராம்சேஸிடம் ஆமுன், ரே, ப்தா, சேத் என்று கடவுள்களின் பெயரில் நான்கு படைப்பிரிவுகள். வழியில் பிடிபட்ட இரண்டு நாடோடிகள், ஹிட்டைட் படை தொலைவில் அலெப்போ பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். அது ஹிட்டைட்டுகள் அனுப்பிய பொய். ராம்சேஸ் அதை நம்பி, ஆமுன் பிரிவோடு முன்னால் போய்க் காதேஷ் அருகே பாசறை அமைத்தார். மற்ற பிரிவுகள் நெடுந்தூரம் பின்னால் வந்துகொண்டிருந்தன. ஹிட்டைட் படையோ நகரத்துக்குப் பின்னாலேயே மறைந்திருந்தது.

எகிப்தியர் கணக்குப்படி 2,500 ஹிட்டைட் தேர்கள் ஆற்றைக் கடந்து, அணிவகுத்து நடந்துகொண்டிருந்த ரே பிரிவின் பக்கவாட்டில் பாய்ந்தன. அந்தப் பிரிவு சிதறியது. ஓடியவர்கள் பின்னாலேயே தேர்கள் ராம்சேஸின் பாசறைக்குள் நுழைந்தன. இதுவரை பாடப்புத்தகத் தாக்குதல்: திடீர்த்தன்மை, வேகம், எதிரி அணிவகுக்கும் முன் பக்கத்திலிருந்து அடி. டாங்கிப் பயிற்சிப் பள்ளிகளில் இன்றும் இதைத்தான் சொல்லித்தருவார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பாசறைக்குள் புகுந்த தேர்களோடு ஹிட்டைட் காலாட்படை வரவில்லை. முவாட்டல்லியோடு ஆற்றின் மறுகரையில் நின்றது. பிடித்த இடத்தைக் காத்து நிற்க ஆள் இல்லை. எகிப்தியத் தேர்களோ கூடவே ஓடிவரும் காலாள் வீரர்களோடு சண்டையிடும் பழக்கமுள்ளவை. விழுந்த எதிரியை முடிப்பதும், தங்கள் தேரைச் சுற்றி யாரும் நெருங்காமல் பார்ப்பதும் அந்த ஓட்டக்காரர்களின் வேலை. ராம்சேஸ் எதிர்த்து அடித்தார். மேற்கிலிருந்து ஒரு துணைப்படையும் நல்ல நேரத்தில் வந்துசேர்ந்தது. முவாட்டல்லி மேலும் 1,000 தேர்களை அனுப்பியும் பயனில்லை. ஹிட்டைட் தேர்கள் ஆற்றுக்குள் தள்ளப்பட்டன. தண்ணீர் குடித்த அலெப்போ அரசனைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வெளியேற்றும் காட்சிகூட எகிப்தியக் கோயில் சிற்பத்தில் இருக்கிறது. கடைசியில் காதேஷ் நகரமும் ராம்சேஸுக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவிலும் தேருக்குத் துணை வேண்டும் என்ற அறிவு இருந்தது. நால்வகைப் படை என்று தேர், யானை, குதிரை, காலாள் நான்கையும் சேர்த்தே சொல்வது சும்மா இல்லை. அர்ஜுனனின் தேர்ச்சக்கரங்களைக் காக்கவென்றே யுதாமன்யு, உத்தமௌஜஸ் என்று இரு வீரர்கள் இருபுறமும் வந்ததாக மகாபாரதம் சொல்கிறது.

இப்போது 1973-க்கு வருவோம். அக்டோபர் 6-ம் தேதி எகிப்துப் படை சூயஸ் கால்வாயைக் கடந்து சினாய் பாலைவனத்தில் இறங்கியது. அக்டோபர் 8-ல் இஸ்ரேல் தன் டாங்கிகளை வைத்து எதிர்த்தாக்குதல் நடத்தியது. 1967-ல் அரபு நாடுகளோடு நடந்த போரில் டாங்கிகள் பெற்ற வெற்றி அவர்களுக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கையைக் கொடுத்திருந்தது. போதிய காலாட்படையோ பீரங்கி ஆதரவோ இல்லாமல் டாங்கிகள் பாய்ந்தன. எதிரே மணலில் படுத்திருந்த எகிப்துக் காலாட்படையினரிடம் சேகர் ஏவுகணைகளும், தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி ராக்கெட்டுகளும் இருந்தன. சேகர் என்பது பெட்டியில் வைத்துச் சுமந்து செல்லக்கூடியது. கம்பி வழியாகக் கட்டளை அனுப்பி 3 கிலோமீட்டர் தொலைவு வரை ஓட்டிச்சென்று டாங்கியில் மோதவைக்கலாம். அன்றைய தாக்குதல் தோல்வியில் முடிந்தது. டாங்கிக்குள் இருப்பவர் சிறிய கண்ணாடித் துளைகள் வழியாகத்தான் வெளியே பார்க்கிறார். மணல்மேட்டில் படுத்திருக்கும் ஒற்றை ஆளை அவரால் தேடிப்பிடிக்க முடியாது. அந்த ஆளைக் கண்டு விரட்ட வேறு காலாள் வேண்டும், அவன் தலைதூக்காமல் இருக்க மோர்ட்டார் குண்டுகள் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இஸ்ரேல் அதைச் சில நாட்களிலேயே கற்றுக்கொண்டு முறையை மாற்றியது.

இருபது ஆண்டுகள் கழித்து ரஷ்யப் படை அதே பாடத்தை மறுபடியும் படித்தது. 1994 டிசம்பர் 31-ல் செச்சன்யாவின் குரோஸ்னி நகருக்குள் கவச வண்டிகள் வரிசையாக நுழைந்தன. செச்சன்யர்கள் நிலவறைகளிலிருந்தும் மேல்மாடிகளிலிருந்தும் ஆர்பிஜியால் அடித்தார்கள். அவ்வளவு மேலேயும் அவ்வளவு கீழேயும் டாங்கியின் பீரங்கி திரும்பாது.

மண் என்கிற எதிரி

தேருக்குச் சமதரை வேண்டும், காய்ந்த தரை வேண்டும். கி.மு. 331-ல் காகமேலாவில் அலெக்சாண்டரை எதிர்நோக்கிய பாரசீகப் பேரரசர் மூன்றாம் டேரியஸ், தன் அரிவாள் பூட்டிய தேர்கள் ஓடுவதற்காகப் போர்க்களத்தையே சமன்படுத்தி வைத்தார். அப்படியும் மாசிடோனியர்கள் வரிசையைத் திறந்து வழிவிட்டு, எறிஈட்டியால் அடித்துத் தேர்களை வீணாக்கினார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, கி.மு. 326-ல், பஞ்சாபின் ஜீலம் ஆற்றங்கரையில் அந்தப் பகுதி அரசன் போரஸின் முறை. இரவில் மழையும் இடியுமாக இருந்தபோது அலெக்சாண்டர் ஆற்றைக் கடந்துவிட்டார். தடுப்பதற்குப் போரஸ் தன் மகனை 120 தேர்களோடும் குதிரைப்படையோடும் அனுப்பினார். மழை ஊறிய சேற்றில் தேர்கள் சிக்கிக்கொண்டன. இளவரசன் இறந்தான், தேர்கள் பிடிபட்டன.

டாங்கியின் சங்கிலிப் பட்டை இந்தப் பிரச்சினைக்குத்தான் பதில். 60 டன் எடை நீளமான இரண்டு பட்டைகளில் பரவுவதால் ஒரு சதுர சென்டிமீட்டர் தரையில் விழும் சுமை சுமார் ஒரு கிலோதான். சாதாரணக் கார் டயர் இதைவிடக் கூடுதலாக அழுத்தும். ஆனாலும் பதில் முழுமையானது அல்ல. 1965 செப்டம்பரில் அதே பஞ்சாப் சமவெளியில், கேம்கரண் பகுதியின் அசல் உத்தரில், பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் இந்தியப் படையை நோக்கி வந்தன. பேட்டன் அன்றைக்குப் புதிய, வலிமையான அமெரிக்க டாங்கி. இந்தியப் படையினர் கால்வாய்க் கரைகளை உடைத்து வயல்களில் தண்ணீர் பாய்ச்சினார்கள். தங்கள் செஞ்சுரியன் டாங்கிகளைக் கரும்புக் காட்டுக்குள் குதிரை லாட வடிவில் மறைத்து நிறுத்திவைத்தார்கள். சேற்றில் வேகம் இழந்த பேட்டன்கள் மூன்று பக்கமும் அடிபட்டன. ஜீப்பில் ஏற்றிய பின்னுதைப்பற்ற பீரங்கியால் டாங்கிகளை வீழ்த்தி உயிர்விட்ட அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது இந்தப் போரில்தான். தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாகிஸ்தான் டாங்கிகள் அழிந்தன அல்லது பிடிபட்டன.

செஞ்சுரியன்கள் மறைந்து நின்றதைக் கவனியுங்கள். தேருக்கு இந்த உத்தி கிடையாது. நிற்கும் தேர் வெறும் மேடை. டாங்கியோ மேட்டுக்குப் பின்னால் உடலை மறைத்து, பீரங்கி மட்டும் தெரியும்படி நின்று, 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை அடிக்கும். முன்னேறும்போதும் பாதி டாங்கிகள் நின்று காவல் பார்க்க, மீதிப் பாதி அடுத்த மறைவுக்கு ஓடும். பிறகு முறை மாறும். திரைப்படங்களில் வருவது போல எல்லாம் ஒரே வரிசையில் பாய்ந்து வருவது அரிது.

தீனிப் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கி.மு. 14-ம் நூற்றாண்டில் இன்றைய வடக்கு சிரியாப் பகுதியில் இருந்த மித்தானி நாட்டுக் கிக்குலி என்பவர் பெயரில் தேர்க்குதிரைப் பயிற்சிக் குறிப்பு ஒன்று ஹிட்டைட் தலைநகரில் கிடைத்திருக்கிறது. குதிரைக்கு எப்போது தீனி, எப்போது தண்ணீர், எவ்வளவு ஓட்டம் என்று மாதக்கணக்கில் நீளும் அட்டவணை அது. இன்றைய அமெரிக்க ஆப்ரம்ஸ் டாங்கி சுமார் 1,900 லிட்டர் எரிபொருளைக் குடித்து 400 கிலோமீட்டர் சொச்சம் ஓடும். 1944 ஆகஸ்ட் இறுதியில் பிரான்சைக் கடந்து விரைந்த ஜெனரல் பேட்டனின் அமெரிக்கப் படையை நிறுத்தியதில் எரிபொருள் தீர்ந்துபோனதற்குப் பெரிய பங்கு உண்டு.

தேர் எப்படி ஒழிந்தது, டாங்கிக்கு அது நடக்குமா

உக்ரைன் போரில் மலிவான டிரோன்கள் டாங்கிகளை அழிக்கும் காட்சிகள் பரவியதிலிருந்து, தேர் போலவே டாங்கியும் மறையப் போகிறது என்ற பேச்சு அதிகமாகிவிட்டது. தேர் எப்படி மறைந்தது என்று தெரியாமல் இதைச் சொல்ல முடியாது.

தேரைக் கொல்ல ஒரு புது ஆயுதம் வந்ததால் அது ஒழியவில்லை என்பதே என் கருத்து. அம்பும் ஈட்டியும் சேறும் முதல் நாளிலிருந்தே தேரைக் கொன்றுகொண்டுதான் இருந்தன. அப்படியும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது போர்க்களத்தில் நீடித்தது. கி.மு. 9-ம் நூற்றாண்டு அசீரியச் சிற்பங்களில் ஒரு விசித்திரமான காட்சி உண்டு. இரண்டு குதிரைவீரர்கள் பக்கத்தில் பக்கமாகப் போகிறார்கள். ஒருவன் வில்லை வளைக்கிறான், மற்றவன் தன் குதிரையோடு சேர்த்து அவன் குதிரையின் கடிவாளத்தையும் பிடித்திருக்கிறான். தேரில் நின்ற அதே சாரதியும் வில்லாளியும்தான், வண்டி மட்டும் இல்லை. அடுத்த தலைமுறைகளில் குதிரையேற்றம் முன்னேறி, ஒருவனே ஓட்டிக்கொண்டு அம்பும் விடத் தொடங்கினான். இரண்டு குதிரைக்கு ஒரு வில்லாளி என்ற கணக்கு மாறி, இரண்டு குதிரைக்கு இரண்டு வில்லாளிகள். மேடு, பள்ளம், ஓடை எதுவும் தடையில்லை. சீனாவில் சாவோ நாட்டு அரசன் வூலிங் கி.மு. 307-ல் தன் படையைக் குதிரையேறி அம்பு விடும் முறைக்கு மாற்றியதும் இதே காரணத்தால்தான். அதற்குள் அசீரியத் தேர்கள் நான்கு ஆள், நான்கு குதிரை என்று கனத்துப்போய், வேறு ஏதோ வேலைக்கான வண்டியாக மாறியிருந்தன.

எனவே டாங்கியைப் பற்றிக் கேட்க வேண்டியது, டிரோன் அதைக் கொல்லுமா என்பது இல்லை. கொல்லும், கொல்கிறது, 1973-ல் சேகரும் கொன்றது. டாங்கியின் வேலை குண்டு மழைக்கு நடுவே காலாட்படைக்கு முன்னால் போய், எதிரே உள்ள இயந்திரத் துப்பாக்கி மேட்டையோ கட்டடத்தையோ நேருக்கு நேர் சுட்டுத் தகர்த்து, பிடித்த இடத்தில் நிற்பது. டிரோன் வானிலிருந்து அடிக்கும், வேவு பார்க்கும். ஒரு பாலத்தையோ தெருமுனையையோ பிடித்துவைத்துக்கொண்டு அங்கேயே நிற்காது. அந்த வேலையை டாங்கியை விட மலிவாக வேறொன்று செய்யும் வரை படைகள் கம்பிக் கூண்டு கட்டியும், சிக்னலைத் தடுக்கும் கருவி பொருத்தியும், மறைவில் நிறுத்தியும் டாங்கியை வைத்துக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன். டாங்கியின் குழு எட்டிலிருந்து மூன்றாகச் சுருங்கியதை முன்பு பார்த்தோம். ரஷ்யாவின் டி-14 அர்மாட்டாவில் அந்த மூவரும் உடல் பகுதிக்குள் இறங்கிவிட்டார்கள். மேல்கூட்டில் ஆளே இல்லை. அந்த மூவரையும் வண்டிக்கு வெளியே, பின்னால் பாதுகாப்பான இடத்தில் உட்காரவைத்து, பீரங்கியோடு வண்டியை மட்டும் காலாட்படையுடன் அனுப்பும் நிலை பரவலாக வந்தால், தேருக்குக் குதிரைவீரன் வந்தது போன்ற மாற்றம் டாங்கிக்கும் வந்துவிட்டது என்று சொல்லலாம்.